செக்கரம்மா பாஸ் போட்ட படம்

பத்தொன்பது வருடமாக அவள் சட்டைகளில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறாள். வெளிநாட்டுக்குப் போகும் சட்டைகள். தையல் வரிசை முடிகிற இடத்தில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே ஒரு நீள மேஜை. அதன் ஓரத்தில் அவள். சட்டை கைக்கு வந்ததும் காலர், தோள், கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று விரல்கள் தானாக ஓடும். பிறகு உள்பக்கம் திருப்பி இன்னொரு சுற்று. கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி இடப்பக்கக் கூடையில் எறிந்துவிடுவாள். மேனேஜரே பக்கத்தில் நின்று, லாரி காத்திருக்கிறது, ஒன்றிரண்டைக் கண்டும் காணாமல் விடக் கூடாதா என்று கெஞ்சியதுண்டு. அவளிடமா நடக்கும்! தைக்கிற பெண்கள் நேரில் அவளைச் செக்கரம்மா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வது வேறு. அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் கிணறு மாதிரியான குழிக்குள் இறங்கி கம்பிவடத்துக்கு கிரீஸ் பூசிக்கொண்டே மேலே நிற்கிறவனுக்குக் கதை சொல்வார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தார்கள், அதுவும் நிறுத்துகிற பொத்தான் உடைந்துபோன ரேடியோ. வீட்டில் அவளுக்கு அவர் வைத்த பேர் இன்ஸ்பெக்டர். குளித்துவிட்டு வந்து கையை விரித்து நின்று, "இன்ஸ்பெக்டர், பீஸ் ஓகேவா பாத்துச் சொல்லு" என்பார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரிப்பாள். ஒரே மகள். அவளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

இப்படி இருந்த வீட்டில் எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

அவள் வேலை செய்யும் இடத்தில் போனை வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் அவளுக்கு வரும் அவசரச் செய்தியெல்லாம் புருஷனுக்குத்தான் வரும். அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம். ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அவருக்குப் போன் வந்தது, உடனே மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. மனிதர் இருபது நிமிடத்தில் ஃபேக்டரி வாசலுக்கு வந்துவிட்டார். வந்தவர் உள்ளே சொல்லி அனுப்பவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். ஐந்தரைக்குச் சங்கு ஊதும்வரை உட்கார்ந்தே இருந்தார். நாலு மணிக்கு அவளுடைய அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஏன் கூப்பிடவில்லை என்று அவள் நடுரோட்டில் கத்தினாள். "ஷிப்ட் முடியட்டும்னு இருந்தேன்" என்றார் அவர். முகத்தில் ஒரு சலனம் இல்லை. மறந்துவிட்டேன் என்றிருந்தால் மன்னித்திருப்பாள். பயந்துவிட்டேன் என்றிருந்தால் அழுதுகொண்டே மன்னித்திருப்பாள். இந்த மரக்கட்டைப் பதிலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு வாயைப் பூட்டினாள்.

அந்த வீட்டில் சண்டைக்கு ஆயுள் மூன்று நாள் என்பது வழக்கம். மூன்றாம் நாள் அவர் ஏதாவது கோமாளித்தனம் செய்வார், அவள் சிரித்துத் தொலைப்பாள். இந்த முறை நாலாம் நாளும் அவர் வரவில்லை. தப்பு செய்தவருக்கே இத்தனை வீம்பு இருந்தால் எனக்கு எவ்வளவு இருக்கும் என்று அவள் இறுகிக்கொண்டாள். சமாச்சாரமெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழே துண்டுச் சீட்டில் நடந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது, மகளுக்குப் போன் செய்யவும், தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. முதலில் அவரும் முழு வரியாக எழுதினார். பிறகு இரண்டு வார்த்தை. பிறகு ஒரு வார்த்தை. கடைசியில் அவள் எழுதிய சீட்டின் கீழேயே ஒரு கோடு போட்டு வைத்தார். திமிரைப் பார், எனக்காக ஒரு வார்த்தை எழுதக்கூடக் கை வலிக்கிறது என்று அவள் சீட்டைக் கசக்கி எறிந்தாள்.

மௌனம் கலக நாஸ்தி என்பார்கள். கலகம் என்னவோ நாஸ்தியானது உண்மைதான். கூடவே வேறொன்றும் அந்த மௌனத்துக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொண்டது. வேலையிடத்தில் ரேடியோ நின்றுபோனதைக் கவனித்தவர்கள், பாவம், வீட்டில் பிரச்சினை என்று விட்டுவிட்டார்கள். வீட்டில் கவனிக்க வேண்டியவள் அதை வீம்பு என்று எழுதிக்கொண்டாள். மகளிடம் போனில் ஆமா, இல்ல, அம்மாகிட்டப் பேசு என்பதோடு அவர் முடித்துக்கொண்டது, அப்பாவுக்கு வயதாகிறது என்பதாக மகளுக்குப் பட்டது.

ஒரு காலையில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருக்கும்போது அவருடைய வலது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. கூட இருந்தவர் என்ன என்ன என்று கேட்டதற்கு அவர் வாய் திறந்திருந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. இரண்டு நிமிடத்தில் இழுப்பு நின்றது. அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காவலர் உள்ளே ஓடிவந்து செக்கரம்மாவைக் கூப்பிட்டார். பாதி பார்த்த சட்டையை மேஜையிலேயே விட்டுவிட்டு அவள் ஓடினாள்.

ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு மூளை அறுவை சிகிச்சை டாக்டர் பொறுமையாகவே சொன்னார். மூளையில் சேதி கொண்டுபோகிற நரம்புச் செல்கள் ஒரு பக்கம். அவற்றுக்குச் சாப்பாடு கொடுத்து, குப்பை அள்ளி, உறை போட்டு, விழாமல் தாங்கிப் பிடிக்கிற உதவிச் செல்கள் இன்னொரு பக்கம். கிளியல் செல்கள் என்று பேர். அந்த உதவிச் செல்கள் கணக்கில்லாமல் பெருக ஆரம்பித்தால் அதுதான் கிளையோமா. இவருக்கு இடது பக்கம் முன்பகுதியில், பேச்சுக்கான இடத்தை ஒட்டி வந்திருக்கிறது. வீட்டைக் காக்க வந்தவனே வீட்டைப் பிடித்துக்கொண்டான் என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

எவ்வளவு தூரம் வெட்டி எடுப்பீர்கள் என்று கேட்டாள். தனக்குத் தெரிந்த முறையையும் சொன்னாள். துணியில் கறை பட்டால் அந்தப் பாகத்தையே பிரித்துவிட்டு வேறு துண்டு வைத்துத் தைத்துவிடுவார்கள். டாக்டர் திரையில் வெள்ளையாகத் தெரிந்த இடத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். பிறகு வட்டத்துக்கு வெளியேயும் விரலை ஓட்டினார்.

"இது உருண்டைக் கட்டி இல்லம்மா, ஓரம் பிடிச்சு எடுக்கறதுக்கு. நல்ல மூளைக்குள்ளேயே ஊறிப் போயிருக்கும். எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டிடுவேன். எங்க முடியுதுன்னு என்னால காட்ட முடியாது. நீங்க சொல்ற மாத்துத் துணியும் இங்க கிடையாது."

அவள் வாசல் பெஞ்ச் சங்கதியைச் சொன்னாள். இரண்டு மணியிலிருந்து ஐந்தரைவரை. எட்டு மாதத்துக்கு முன்னால்.

"அன்னைக்கு அங்க உக்காந்திருந்தது அவரா, இந்தக் கட்டியா டாக்டர்?"

டாக்டர் திரையில் அந்த வெள்ளையைத் தொட்டுக் காட்டினார். இந்த இடத்தில் வந்தால் ஒரு காரியத்தைத் தானாகத் தொடங்குகிற உந்துதல் குறைந்துபோகும், முகம் மரத்தாற்போல ஆகும், எட்டு மாதத்துக்கு முன்பே மெதுவாகத் தொடங்கியிருக்கவும் கூடும் என்றார். ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று உறுதியாகச் சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை என்றார். தான் பேசிக்கொண்டிருந்து முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்றும் கேட்டாள். பெரிய வித்தியாசம் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். இருந்திருக்காது என்றும் அவர் சொல்லவில்லை என்பதை அவள் குறித்துக்கொண்டாள். பத்தொன்பது வருடக் கண் அல்லவா.

வீக்கம் குறைய மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே நாளில் ஒரு அதிசயம் நடந்தது. அவர் பேசினார். தடுக்கித் தடுக்கித்தான், ஆனாலும் பேசினார். ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறியதும் கதவு மூடும் சத்தத்தைக் கேட்டு, "கிரீஸ் பத்தல, இன்ஸ்பெக்டர்" என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் பேர். அவள் லிஃப்டுக்குள்ளேயே முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்போதே கேட்டிருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நீ பேசாமல் இருந்ததற்கு உன்னை மன்னித்துவிட்டேன் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை. ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் மனசைக் கலக்க வேண்டாம், முடிந்ததும் ஆற அமரப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தை நினைத்து அவள் பிறகு எத்தனையோ நாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆபரேஷனின்போது அவரை விழிக்க வைத்திருப்பார்கள் என்று சொன்னார்கள். மூளைக்கு வலி தெரியாதாம். ஒரு பக்கம் டாக்டர் எடுத்துக்கொண்டு போக, இன்னொரு பக்கம் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் படம் படமாகக் காட்டுவாள். அவர் ஒவ்வொரு படத்துக்கும், இது குடை, இது சாவி என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். 'இது' என்று சொல்லி, பேர் வராமல் நின்றால், கத்தி பேச்சின் இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அத்தோடு நிறுத்திவிடுவார்கள். கூட எடுத்தால் ஆயுள் கூடும், பேச்சு போகும். குறைத்து எடுத்தால் பேச்சு தங்கும், ஆயுள் குறையும். அந்த இரண்டுக்கும் நடுவில் வழிகாட்ட இந்தப் படங்களை விட்டால் வேறு கதியில்லை.

அதனால் படங்களை முன்கூட்டியே சோதித்து எடுக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தின வாரம், மூன்று நாள் மூன்று தடவை. தயங்காமல் சொல்கிற படம் மட்டும் படக்கட்டுக்குள் இருக்கும். தடுமாறினால் அந்தப் படம் டப்பாவுக்குள் போய்விடும். ஏற்கெனவே வராத வார்த்தை அங்கே போய் வராமல் நின்றால், அது வியாதியா கத்தியா என்று தெரியாதல்லவா என்று பயிற்சிக்காரப் பெண் விளக்கினாள். செக்கரம்மாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியிலேயே அந்த விதியை முழுசாகப் புரிந்துகொண்ட வீட்டு மனுஷி அவள்தான்.

நூறு படத்தில் முதல் நாள் இருபத்திரண்டு டப்பாவுக்குப் போயிற்று. கத்தரிக்கோல் போயிற்று. ஏணி போயிற்று. வாழ்நாளெல்லாம் ஏணியில் நின்றவர், படத்தைப் பார்த்து, "இது... மேல ஏறுமே, அது" என்றார். வீட்டுப் படங்களும் சில சேர்த்திருந்தார்கள். அதில் அவளுடைய போட்டோ ஒன்று. பின்பக்கம் அவர் கூப்பிடுகிற பேரே எழுதியிருந்தது, இன்ஸ்பெக்டர் என்று. முதல் நாள் படத்தைக் கண்டதும் டக்கென்று சொன்னார். இரண்டாம் நாள் பார்த்தார், சிரித்தார், "இது... நம்ம..." என்றார். பேர் வரவில்லை. திரும்பி, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. வீட்டுப் படம் என்பதால் நாளைக்கு இன்னொரு தடவை பார்க்கலாம், அப்போதும் தடுமாறினால் எடுத்துவிடுகிறேன் என்றாள் அந்தப் பெண்.

குடையும் சாவியும் கட்டுக்குள் இருக்கும், அவள் டப்பாவுக்குள் போவாளா? அன்றைக்கு வீட்டுக்கு வந்து போட்டோவை அவர் முன்னால் வைத்து அறுபது தடவையாவது சொல்ல வைத்தாள். கைக்குழந்தைக்கு அம்மா சொல்லிக் கொடுப்பதுபோல உதட்டைக் குவித்தும் இழுத்தும் காட்டினாள். உதட்டைப் பார்த்தால் அவருக்கு வந்தது. பார்க்காவிட்டால் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி, பயிற்சிக்காரப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால், அவர் கண்ணில் படுகிற இடத்தில் போட்டுக்கொண்டாள். போட்டோ வந்தது. அவள் உதட்டை அசைத்தாள்.

"இது இன்ஸ்பெக்டர்" என்றார் அவர்.

அந்தப் பெண் சந்தோஷமாகத் தலையாட்டி, படத்தைக் கட்டுக்குள் சேர்த்தாள். லாரியே காத்திருந்தாலும் ஒரு பழுதை விடாதவள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பழுதான பீஸைப் பாஸ் போட்டு அனுப்பினாள். தெரிந்தேதான் அனுப்பினாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதெல்லாம் தெரியாமல் சறுக்குகிறவர்களுக்கு.

ஆபரேஷன் ஆறு மணி நேரம். உயிருக்கு ஆபத்தில்லாமல் முடிந்தது. முதல் இரண்டு வாரம் அவருக்குப் பேச்சே இல்லை. வீக்கம் வடிந்தால் வரும் என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாளே டாக்டர் அவளை உட்கார வைத்து, பரிசோதனை முடிவு வந்திருக்கிறது, நாலாம் தரம், இருப்பதிலேயே வேகமான வகை என்றார். புது ஸ்கேனையும் காட்டினார். இருட்டாகக் கிடந்த குழியின் ஓரத்தில் நகத்தளவு வெள்ளை மிச்சம் இருந்தது. அங்கே அவருக்கு வார்த்தை நின்றுவிட்டது, அதனால் விட்டுவிட்டோம் என்றார்.

எந்தப் படத்தில் நின்றது என்று கேட்டாள். டாக்டருக்கு நினைவில்லை. பயிற்சிக்காரப் பெண்ணை வரவழைத்தார். அவள் குறிப்பைப் புரட்டினாள். நாற்காலி, கடிகாரம் என்று இரண்டு படம் வரிசையாகத் தப்பியது, மூன்றாவது உங்கள் போட்டோ, 'இது' என்றார், அதற்கு மேல் வரவில்லை, அப்போதுதான் நிறுத்தினோம் என்றாள்.

செக்கரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலியை நகர்த்தியது, உதட்டை அசைத்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அந்தப் பெண் குறிப்பேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். டாக்டர்தான் பேசினார். ஒரு படத்தை மட்டும் வைத்து நிறுத்துவதில்லை, முன்னால் இரண்டு தப்பியிருக்கிறது, இன்னும் நாலைந்து காட்டிப் பார்த்திருப்போமோ என்னவோ, இப்போது சொல்வதற்கில்லை என்றார். அந்த நகத்தளவை எடுத்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் ஊறியது உள்ளே இருக்கத்தான் செய்யும் என்றார்.

"அதனால போச்சா, இல்லையா டாக்டர்? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"தெரியலம்மா. நிஜமாவே தெரியல."

கதிர் வைத்தியம் ஆறு வாரம், கூடவே மாத்திரை. முகத்தில் வலைபோல ஒரு மூடியை மாட்டி மேஜையோடு பூட்டி வைப்பார்கள். அவர் சமர்த்தாகப் படுத்திருப்பார். அந்த வாரங்களில் அவருக்கு நாற்பது ஐம்பது வார்த்தை இருந்தது. காலையில் அதை வைத்து வேடிக்கைகூடப் பேசுவார், மத்தியானத்துக்குள் களைத்துத் தூங்கிவிடுவார். அவள் வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்தாள். முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. இப்போது உதட்டை அசைத்ததும் சேர்ந்துகொண்டது. மன்னிப்புக் கேட்பதென்றால் அதையும் சொல்லித்தான் கேட்க வேண்டும். அதைச் சொன்னால் அந்த நகத்தளவு வெள்ளையையும் சொல்ல வேண்டும். சிகிச்சை முடியட்டும், கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று மறுபடியும் தள்ளிப்போட்டாள்.

நாலாம் மாத ஸ்கேனில் நகத்தளவு உள்ளங்கை அளவாகியிருந்தது. விட்டுவைத்த இடத்திலிருந்தும் வந்திருந்தது, எடுத்து முடித்த இடத்துக்கு எதிர்ப்பக்கத்திலும் புதிதாக வந்திருந்தது. அதைப் பார்த்து அவள் ஆறுதல் படுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். இனி மாத்திரையால் முடிந்தவரை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லி, மகளையும் வரச் சொல்லிவிடுங்கள் என்றார்.

வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. நாற்பது இருபதாகி, இருபது ஐந்தாகி, கடைசியில் ஒன்று தங்கியது: ஆமா. தண்ணீர் வேண்டுமா என்றால் ஆமா. ஜன்னலைத் திறக்கட்டுமா என்றால் ஆமா. மகள் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா என்னை அடையாளம் தெரிகிறதா என்றாள். ஆமா என்றார். மகளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மகள் மருந்துக்கடைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் அவள் கட்டிலில் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். தட்டுத் தடுமாறாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்காமல் கோபப்பட்டதை, கசக்கி எறிந்த சீட்டுகளை, எட்டு மாதத்தை, உதட்டை அசைத்ததை, அங்கே நிறுத்திவிட்டார்கள் என்பதை. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்ததோ, அவளுக்குத்தான் அப்படித் தெரிந்ததோ.

"என்னை மன்னிச்சிட்டீங்களா?"

"ஆமா" என்றார்.

இதற்காகத்தானே இத்தனை மாதம் காத்திருந்தாள். அவர் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இத்தோடு எழுந்து போய்விடலாம். சமையலறையில் வேலை கிடக்கிறது, மகள் வந்துவிடுவாள். எழுந்திரு, எழுந்திரு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். உடம்பு எழுந்திருக்க மறுத்தது.

"என்மேல இன்னும் கோபமாவே இருக்கீங்களா?"

"ஆமா" என்றார் அவர், அதே குரலில், அதே பிரியத்தோடு. பிறகு விரலால் அவள் கன்னத்து ஈரத்தைத் துடைக்கப் பார்த்தார்.